தலைத் தீபாவளிப் படியில் (சீரில்) மாப்பிள்ளைக்குத் துணியோடு ஷூவும் வைக்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாயார்)

எங்கள் மூத்த மகளுக்கு இந்த ஆவணியில் கல்யாணம் முடிந்தது. தலைத் தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு என்ன எடுப்பது என்று வீட்டில் பத்து நாட்களாகப் பேசியும் முடிவு ஏற்படாததால், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கல்யாண வரவேற்புக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த ரெடிமேட் உடை மாப்பிள்ளைக்குத் தோளில் பிடித்தது. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லாமல், சிரித்த முகத்தோடு மூன்று மணி நேரம் மேடையில் நின்றார். பிறகு படங்களைப் பார்த்தபோதுதான், கையை உயர்த்தி வணக்கம் சொல்லக்கூட அவர் சிரமப்பட்டது எங்களுக்குத் தெரிந்தது. அதே அளவில் எடுத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த இன்னொரு சட்டையையாவது மாற்றித் தாருங்கள் என்று கடையில் கேட்டோம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டி எங்களை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சட்டை இன்னும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு ஆலையில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. அவருடைய ஷூவின் அடிப்பகுதி தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்றும், தனக்கென்று செலவழிக்க அவருக்கு மனம் வருவதில்லை என்றும் மகள் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து, வேட்டி சட்டையோடு நல்ல ஷூ ஒரு ஜோடி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் எண்பத்திரண்டு வயதான என் அத்தை, குடையும் செருப்பும் துட்டி (சாவு) வீட்டுத் தானத்தில் கொடுக்கிற பொருட்கள் என்றும், அவற்றைத் தீபாவளிப் படியோடு வைக்கவே கூடாது என்றும் உறுதியாகச் சொல்கிறார்கள். என் கணவரோ, அளவுத் தொல்லையே வேண்டாம், பணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார். முதல் தீபாவளிக்கு வருகிற பிள்ளைக்கு வெறும் உறையைக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஷூ கொடுப்பதை நம் பக்கத்தில் குற்றமாகக் கருதுவார்களா? அவருடைய அளவுகளைக் கூச்சமில்லாமல் தெரிந்துகொள்வது எப்படி?

மறுமொழி (திருநெல்வேலி டவுன்)

அம்மா, ரத வீதியில் முப்பத்தொரு வருடம் ஜவுளிக் கடையில் நின்றவன் நான். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாளைக்கு நூறு பேர் "என் மருமகன் இந்தப் பையன் உயரம்தான் இருப்பார்" என்று கடைப் பையன் ஒருவனைக் காட்டிச் சட்டை எடுத்துப் போவார்கள். அவற்றில் பாதியாவது பொருந்தியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். உயரம் ஒன்றாக இருந்தாலும் தோள் ஒன்றாக இருப்பதில்லை.

நம் முன்னோர்கள் சீராகக் கொடுத்த துணிகளைக் கவனித்துப் பாருங்கள். நாலு முழ வேட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர், எட்டு முழ வேட்டி அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, சேலை ஐந்தரை மீட்டர், அதோடு ரவிக்கைக்கு எண்பது சென்டிமீட்டர். ஒல்லியானவரும் பருத்தவரும் ஒரே வேட்டியை உடுத்திக்கொள்ளலாம், தாயின் சேலையை மகள் கட்டிக்கொள்ளலாம். கொடுப்பவர் வாங்குபவரின் உடம்பை அறிந்திருக்க வேண்டிய தேவையே அந்தத் துணிகளில் இல்லை. சட்டையும் ஷூவும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைக் கொடுக்க விரும்புகிறவர் முதலில் அளவைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளைக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றை உங்கள் மகளிடம் கேட்டு வாங்குங்கள். அதைப் பொத்தான் போட்டு, சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, ஒரு கைத் தையலின் உச்சியிலிருந்து மறு கைத் தையலின் உச்சி வரை தோளை அளக்க வேண்டும். பிறகு ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்று கிடைக்கும். இந்த இரண்டில் தோள்தான் முக்கியம். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், கையை மடித்துத் தைக்கலாம். தோள் தவறிவிட்டால் நல்ல தையல்காரரும் கையை விரித்துவிடுவார். சட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் சட்டையில் 40 என்பது கழுத்துச் சுற்றைச் சென்டிமீட்டரில் குறிக்கும், இன்னொன்றில் அதே 40 மார்புச் சுற்றை அங்குலத்தில் குறிக்கும். பழைய சட்டையைக் கடைக்கே எடுத்துவந்து புதியதன்மேல் விரித்துப் பார்ப்பதை எந்தக் கடைக்காரரும் தவறாக எண்ணமாட்டார்.

பிட் துணியாக எடுப்பதானால், 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதும். 36 அங்குல அகலமாக இருந்தால் 2.25 மீட்டர் வேண்டும். தையல் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். துணியை மட்டும் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்குபவர் பொறுப்பில் விடுவது எனக்கு எப்போதுமே சரியாகப் பட்டதில்லை. தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தையல்காரர்கள் புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பருத்தித் துணியாக இருந்தால் தைக்கும் முன் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைப்பது நல்லது. இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கி அளவு மாறிவிடும்.

மாப்பிள்ளை நல்ல உயரமாக இருந்தால் வேட்டியிலும் அகலத்தைக் கவனியுங்கள். வழக்கமான 50 அங்குல அகலம் அவருக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும், 54 அங்குலம் கேட்டு வாங்குங்கள். சம்பந்தி அம்மாவுக்குச் சேலை எடுக்கும் எண்ணம் இருந்தால், புவிசார் குறியீடு பெற்ற நம் வீரவநல்லூர் செடிபுட்டாவைப் பாருங்கள். பூக்களைத் தறியிலேயே கையால் கோத்து நெய்கிற சேலை அது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸிலும் தீபாவளிக்கு வழக்கமாக 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள்.

மறுமொழி (கல்லிடைக்குறிச்சி)

உங்கள் அத்தை சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் காரியங்களில் இறந்தவரின் வழிப்பயணத்துக்கு என்று குடையும் பாதரட்சையும் தானம் கொடுப்பது உண்டு. அந்த நினைவில்தான் பெரியவர்கள் விலக்குகிறார்கள். ஆனால் அதே குடையும் பாதரட்சையும் எங்கள் அக்கிரகாரத்துக் கல்யாணங்களில் காசி யாத்திரையின்போது மாப்பிள்ளைக்குக் கொடுக்கப்படுகின்றன. கைத்தடியும் விசிறியுமாகப் புறப்படுகிற அவரைப் பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, என் பெண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுத் திரும்ப அழைத்து வருவார். அத்தனை மங்கலமான வேளையில் பெண் வீட்டார் கொடுக்கிற பாதரட்சை, தீபாவளிக்கு மட்டும் எப்படி ஆகாததாகும் என்று அத்தையிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி (விக்கிரமசிங்கபுரம்)

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். ஆடி அமாவாசைக்கு நம் மாவட்டமே அங்கேதான் கூடும். அந்தக் கோயிலில் பட்டவராயன் சன்னதியில் மக்கள் நேர்ந்துகொண்டு செலுத்துகிற காணிக்கை என்ன என்பதை அத்தைக்கு நினைவுபடுத்துங்கள். தோலில் தைத்த செருப்புதான். பட்டவராயன் இரவில் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் காவலுக்கு நடக்கிறார் என்பதும், அதனால்தான் புதிதாக வைத்த செருப்பு நாளாவட்டத்தில் தேய்ந்து மண் ஒட்டிக் கிடக்கிறது என்பதும் எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் தகப்பனார் எங்களைச் சிறுவயதில் அழைத்துப்போய், அடி தேய்ந்த செருப்புகளைச் சுட்டிக்காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் கதைதான் இதற்கு அடிப்படை. அந்தணர் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், தோல் தொழில் செய்த வாலப்பகடையின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கண்டு விரும்பி, அவர்களுடைய தகப்பனிடம் பெண் கேட்கிறார். நீர் பூணூலைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தால் தருகிறேன் என்கிறார் வாலப்பகடை. முத்துப்பட்டன் அப்படியே செய்து, தன் கையால் தைத்த செருப்போடு வந்து நிற்கிறார். மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே உறவை உண்டாக்கியதே ஒரு ஜோடி செருப்புதான் என்று இந்தக் கதையை நான் புரிந்துகொள்கிறேன். மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு போரிட்டு அந்த மருமகன் உயிரை விட்டார் என்பதையும், அவருக்குத்தான் நாம் இன்றைக்கும் செருப்புக் கொடுத்துக் கும்பிடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், செருப்பைத் தீட்டுப் பொருளாக ஒதுக்குவது இந்த மண்ணின் வழக்கத்துக்கே பொருந்தாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகத் துணியும் மஞ்சளும் குங்குமமும் இருக்கிற தட்டிலேயே ஷூ பெட்டியை வைக்க வேண்டியதில்லை. முந்தின நாள் தனியாகக் கொடுத்துவிடுங்கள். அத்தையின் மனமும் நோகாது.

மறுமொழி (மேலப்பாளையம்)

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் செருப்பு வியாபாரத்தில் இருக்கிறது. ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் பரிசாக வாங்கிப் போகிறவர்கள் வருவார்கள், மறுவாரம் மாற்றவும் வருவார்கள். ஆகவே அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மாப்பிள்ளை பகல் வேலை முடிந்து சாயங்காலம் வந்த பிறகு, ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் ஒட்டி, அதன்மேல் அவரை நிற்கவைத்து, பென்சிலை நேராகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு வரையச் சொல்லுங்கள். காலையில் அளக்கக் கூடாது. நாள் முழுவதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் ஷூவுக்கு உரிய அளவு. உட்கார்ந்துகொண்டும் அளக்கக் கூடாது, உடம்பின் பாரம் இறங்கும்போது பாதம் விரியும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால் இரண்டையும் வரைந்து, பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். குதிகாலின் பின்முனையிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை இருப்பதுதான் நீளம். அந்த விரல் கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் ஊர்க் கடைகளில் பெட்டியின்மேல் இருக்கும் 7, 8, 9 என்பவை பெரும்பாலும் பிரிட்டன் அளவு எண்கள். அதில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். 41, 42, 43 என்பவை ஐரோப்பிய எண்கள். அவற்றின் வேறுபாடு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். பாத நீளத்தோடு ஒன்றரை சென்டிமீட்டரைக் கூட்டி, வருவதை ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய எண் ஏறக்குறையக் கிடைத்துவிடும். இணையத்தில் வாங்கும்போது அமெரிக்க எண்ணா என்று பாருங்கள். ஆண்களுக்கான ஷூவில் அது பிரிட்டன் எண்ணைவிடப் பொதுவாக ஒன்று கூடுதலாக இருக்கும். தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் எங்கள் கடைக்கு வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

தோல் ஷூ போடப்போட அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் விட்டுக்கொடுக்காது. ஆகவே விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலமாவது இடம் இருக்க வேண்டும். நாள் முழுவதும் நிற்கிறவருக்கு ரெக்சின் வேண்டாம். உள்ளே வியர்வை தங்கிக் கால் வெந்துபோகும். பாதித் தள்ளுபடி என்று பழைய இருப்பை எடுக்கும்போதும் எச்சரிக்கையாக இருங்கள். பாலியூரித்தேன் அடிப்பகுதி வைத்த ஷூ, போடாமல் பெட்டியிலேயே சில வருடங்கள் இருந்தால், காற்றிலுள்ள ஈரத்தாலேயே உள்ளுக்குள் உதிர ஆரம்பித்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், நாலாம் நாள் அடிப்பகுதி மாவாகக் கொட்டும். நல்ல பொருளைப் பத்திரப்படுத்துகிறோம் என்று பரிசாக வந்த ஷூவைப் பூட்டி வைக்கிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இந்தப் பண்டிகையில் ஒரு ஜோடி எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு எடுத்துக் கொடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கல் குத்துவதும் தரை சுடுவதும் தெரியாது. மெத்தென்ற அடிப்பாகமும் பின்பட்டையும் உள்ள செருப்பு அவர்கள் காலில் புண் வராமல் காக்கும்.

மறுமொழி (திருநெல்வேலி சந்திப்பு, வழக்கறிஞர்)

பில்லில் அச்சிட்ட அந்த வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலவரை எதுவும் குறிப்பிடப்படாவிட்டால், முப்பது நாட்களுக்குள் பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் அளவு பொருந்தாமல் போவது பொருளின் குறைபாடு ஆகாது. ஆகவே பரிசாகக் கொடுக்க வாங்கும்போது, அளவு மாற்றித் தரப்படும் என்பதையும் எத்தனை நாளுக்குள் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தையல் விட்டிருந்தாலோ கிழிசல் இருந்தாலோ கடைக்காரர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மறுமொழி (தென்காசி)

அக்கா, கொடுக்கிறவர்கள் எல்லாரும் எழுதிவிட்டார்கள். வாங்கிக்கொண்ட மருமகனாக நானும் ஒன்று சொல்கிறேன்.

என் மாமனார் தலைத் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டை 38 அளவு, எனக்கு வேண்டியது 42. பெரியவர் ஆசையாகக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று எண்ணி, காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பொத்தானை இழுத்துப் போட்டுக்கொண்டு காலில் விழுந்து எழுந்தேன். நான் ஒன்றும் சொல்லாததால் அதுவே என் அளவு என்று அவர் குறித்து வைத்துக்கொண்டார். அடுத்த மூன்று தீபாவளிக்கும் 38 தான் வந்தது. நானும் ஒவ்வொன்றையும் ஒரு நாள் போட்டுவிட்டு, எங்கள் தெருவில் படிக்கிற ஒரு பையனுக்குக் கொடுத்துவந்தேன். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தபோது, அந்தப் பையன் எங்களோடு நின்று வடம் பிடித்தான். அவன் போட்டிருந்தது தான் எடுத்துக் கொடுத்த சட்டை என்பதை மாமனார் கண்டுகொண்டார். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "முதல் வருஷமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நான்கு சட்டைகளை என் மரியாதை வீணாக்கிவிட்டது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளையும் என்னைப் போன்றவர் என்று, வரவேற்பில் அவர் மூன்று மணி நேரம் நின்றதைப் படித்ததுமே எனக்குத் தோன்றியது. அவர் தானாக வாய் திறக்கமாட்டார். ஆகவே நீங்களே, "தோள் பிடித்ததாமே, எங்களுக்கு அது தெரியாமல் போய்விட்டது, இந்த முறை சரியாக எடுக்க வேண்டும்" என்று தொடங்கிவிடுங்கள். பேச்சை நீங்கள் எடுத்துவிட்டால் அவர் அளவைச் சொல்லிவிடுவார். உறையில் பணம் கொடுப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம், என் மைத்துனன் அப்படித்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஆனாலும் முதல் தீபாவளிக்குத் துணியை மனைப்பலகையில் வைத்து, மஞ்சள் தடவி, மாமனார் கையால் எடுத்துக் கொடுக்கும்போது அதை வாங்கிக்கொண்ட நிமிடம் எனக்கு மறக்கவில்லை. அதை அவருக்கு இல்லாமல் ஆக்கிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

எழுதிய எல்லாருக்கும் என் நன்றி. தென்காசித் தம்பி சொன்னபடியே நேற்று இரவு மாப்பிள்ளையிடம் நானே பேசினேன். அவர் சற்று நேரம் தயங்கிவிட்டு, "ஆமாம் அத்தை, தோள்தான் கொஞ்சம் பிடித்தது" என்று ஒப்புக்கொண்டார். மகள் அப்போதே தாளை விரித்து அவருடைய பாதங்களை வரைந்து படம் அனுப்பினாள். வலது பாதம் 26.4 சென்டிமீட்டர், இடது பாதம் 26.7. கணக்குப் போட்டால் ஐரோப்பிய எண் 42 வருகிறது. அவர் தேய்த்துத் தீர்த்த பழைய ஷூ 41-ஆம். அதனால்தான் அவருக்குக் கட்டைவிரல் நகம் அடிக்கடி கறுத்துப்போகிறது என்று மகள் சொல்கிறாள். அளவுக்கு வேண்டிய பழைய சட்டையைக் கூரியரில் போட்டிருக்கிறாள்.

காசி யாத்திரையைப் பற்றிச் சொன்னபோது, அது அவர்கள் வழக்கம் என்று அத்தை விட்டுவிட்டார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலைச் சொன்னதும் பேசாமல் இருந்தார்கள். சிறிது நேரம் கழித்து, தன்னுடைய தாத்தா ஒரு ஆடி அமாவாசைக்குச் செருப்பு நேர்ந்து, அதைத் தலையில் சுமந்துகொண்டு காரையாற்றுக்கு நடந்து போனதை அவர்களாகவே சொன்னார்கள். முடிவாக, தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கடைக்கே அழைத்துப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது என்றும், மறுநாள் காலையில் தட்டில் வேட்டி சட்டை மட்டும் வைப்பது என்றும் பேசியிருக்கிறோம். மாற்றித் தருவதைப் பில்லில் எழுதி வாங்குவது என் கணவரின் பொறுப்பு.

மேலப்பாளையத்து அண்ணாச்சி எழுதியதைப் படித்த பிறகு, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அத்தையின் பாதத்தையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். 5-ஆம் எண்தான் வருகிறது. இத்தனை நாளும் 6-ஆம் எண் ரப்பர் செருப்பைத்தான் இழுத்து இழுத்து நடந்திருக்கிறார்கள்.